கல்வராயன் மலையில் நான் தவறவிட்ட பேருந்தும் என் வயிற்றெரிச்சலும்

அருவி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அது பாதி உண்மை. கல்வராயன் மலையில் என் கல்லூரித் தோழி மல்லிகா இருக்கிறாள். அவள் எங்கேயாவது சறுக்குகிறாளா என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. புரட்டாசியில் ஒரு வெள்ளி, சனி. மழை விட்டிருந்தது, மலை பச்சையாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனசு எந்த நிறத்தில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். உளுந்தூர்பேட்டையில் நான் ஓர் இளைஞர் குழு நடத்துகிறேன். எட்டுப் பிள்ளைகள். தொப்பி, பனியன், பேனர் எல்லாம் உண்டு. நான் சொன்னதைச் செய்வார்கள், அப்பழுக்கில்லாமல் செய்வார்கள். சொல்லாததை மட்டும் செய்யவே மாட்டார்கள். மரக்கன்று நடச் சொன்னால் நடுவார்கள். தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை என்றால் கன்று காயும், "மேடம் சொல்லலியே" என்பார்கள்.

மல்லிகாவோ விடுதியில் வருகைப் பதிவுக்கே வாயைத் திறக்காதவள். "உள்ளேன் அம்மா" என்று அவளுக்கும் சேர்த்து நான்தான் சொல்வேன். இப்போது கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியை, அங்கே அவளிடமும் ஓர் இளைஞர் குழு. மாதம் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்புவாள். எங்க பசங்க தெருவிளக்குக்கு அலைஞ்சி வாங்கிட்டாங்கடி, எங்க பசங்க கெணத்த தூர் வாரிட்டாங்கடி. கடைசியில் எப்போதும் ஒரு வரி வரும்: "நான் ஒண்ணுமே பண்ணலடி." அந்த வரியைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஒன்றுமே பண்ணாமல் அவளுக்கு அத்தனையும் நடக்கிறது, தொண்டை கிழியப் பண்ணியும் எனக்கு நடக்கவில்லை.

சரி, வழிக்கு வருகிறேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சேலம் போகும் எந்த வண்டியிலும் ஏறலாம், தியாகதுருகம் வழி, ஒரு மணி நேரம். காலை ஒன்பதரைக்கு ஏறினேன். கள்ளக்குறிச்சியில் டீ குடித்துவிட்டு கச்சிராயபாளையம் நகரப் பேருந்தைப் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரை மணி, முக்கால் மணியில் கொண்டுபோய் விட்டார்கள். வழி முழுக்கக் கரும்பு.

கச்சிராயபாளையத்தில் நேரம் இருந்தால் கோமுகி அணைக்கு ஆட்டோ பிடித்துப் போய் வாருங்கள். நான் போனேன். தண்ணீர் நிறைய இருந்தது. சாப்பாட்டையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே போனால் கிடைத்தபோது கிடைத்ததுதான். மலை வண்டி எத்தனை மணிக்கு என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ரெண்டுன்னு போட்டுக்கீது. ரெண்டரைக்கும் வரும், மூணுக்கும் வரும். அவசரம்னா இன்னாத்துக்கு மலைக்கு வர்றீங்க?" என்றார்.

இரண்டே முக்காலுக்கு வந்தது. வளைவுகளில் வயிறு கலங்குகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கரியாலூரில் ஓட்டுநர் இறங்கி டீ குடித்தார். தினமும் ஏறும்போதும் இறங்கும்போதும் இதே கடையில் நிறுத்துவாராம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். நான் இறங்க வேண்டிய ஊர் அங்கிருந்து வெள்ளிமலை போகும் சாலையில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "ஊரு பேரு வேணாம் மேடம், அருவிக்கு வர்ற கூட்டம் இங்க வண்டிய நிறுத்தும்" என்று அந்தப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

மல்லிகா சாலையில் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அழகாகவும் இருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"கலா, சரியான நேரத்துக்கு வந்துகீறடி! இன்னிக்கி பசங்க கூட்டம். நாளைக்கி ஒரு புதுசு ஆரம்பிக்கிறாங்க."

அந்த ஊர்க்காரர்களுக்குப் பேருந்துதான் பெரிய துன்பம். மேலே வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலை வண்டி எப்போது வரும் என்று தெரியாது. பத்துக்கும் வரலாம், பதினொன்றுக்கும் வரலாம். விட்டால் அடுத்தது மதியத்துக்கு மேல்தான். அதனால் கள்ளக்குறிச்சியில் வேலை இருக்கிறவர்கள் எட்டு மணிக்கே வந்து சாலையில் நிற்பார்கள். நிழற்குடை கிடையாது. மரவள்ளிக் கொல்லையில் பாதி நாள் வேலை அப்படியே போய்விடும். கொல்லையில் இருந்தபடியே வண்டி கிளம்பியது தெரிந்தால் போதும், அரை மணி நேரத்தில் கைகால் கழுவிக்கொண்டு வந்துவிடலாம்.

இதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஊரில் செல்போன் எடுக்காது, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். வெள்ளிமலையில் வண்டி கிளம்பியதும் அங்கே கடையில் வேலை செய்யும் இவர்களுடைய கூட்டாளி ஒருவன் போன் செய்வான். பாறைமேல் நிற்பவர் கையைக் காட்டுவார். கோயிலில் இருக்கும் குழாய் ஒலிபெருக்கியில் சத்தம் போடுவார்கள். அது கொல்லை வரைக்கும் கேட்கும். பிரமாதமான யோசனை. கேட்டவுடன் எனக்குள் எழுந்த முதல் எண்ணம், இது ஏன் என் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை என்பது. இரண்டாவது எண்ணம், எனக்கே தோன்றியிருக்காதே என்பது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மாலை ஆறு மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம். தலைவி சத்யா, கள்ளக்குறிச்சியில் கல்லூரி இரண்டாம் வருஷம். விடுதியிலிருந்து வந்து போகும்போதெல்லாம் அந்தப் பேருந்தோடு போராடுகிறவள். பூபதியின் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், அதனால் ஒலிபெருக்கி பூபதியின் பொறுப்பு. மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஓரமாக உட்கார்ந்து மல்லிகா மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

என்ன சத்தம் போடுவது என்பதுதான் பேச்சு. பாட்டு போடலாம் என்றான் ஒருவன்.

"பாட்டு போட்டா யாரு வூட்டு காதுகுத்துன்னு கேப்பாங்க," என்று சத்யா தள்ளிவிட்டாள்.

மைக்கில் பேசினால் காற்றில் வார்த்தை கரைந்துபோய் எட்ட இருக்கும் கொல்லையில் வெறும் கொழகொழ என்றுதான் கேட்குமாம். அப்போது பூபதி செல்போனை எடுத்து ஒரு சத்தத்தைப் போட்டான். அந்தப் பேருந்தின் ஹாரனேதான். மலை வளைவுகளில் இழுத்து இழுத்து அடிப்பார்களே, அது. நான்கு நாள் சாலையில் நின்று பதிவு செய்தானாம்.

எல்லோரும் கைதட்டினார்கள். நிறைமாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும் அஞ்சலை என்ற பெண், "சூப்பர்டா பூபதி. நாளைக்கி எனுக்கு ஸ்கேனு. ரெண்டு மணிக்குள்ள வரணும்னு சொல்லிட்டாங்க. போன தபா வண்டிய வுட்டுட்டு டாக்டரம்மாகிட்ட திட்டு வாங்கினேன்," என்று சிரித்தாள்.

நான் கவனித்தது வேறு. பேசும்போது ஒரு பிள்ளைகூட மல்லிகாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கூட்டத்தில் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பும். இவள் அங்கே இருப்பதையே மறந்து இவர்கள் சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள். 

அதற்கப்புறம்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. ஒலிபெருக்கியில் வரும் ஹாரனும் நிஜப் பேருந்தின் ஹாரனும் ஒன்றாக இருந்தால் ஊர்க்காரர்களுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? வாயைத் திறந்தேன். மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சிதில்ல?"

"தெரிஞ்சிது."

"அப்பறம் சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா என் வேலையா ஆயிடும்டி. நாளைக்கி அவங்களே கண்டுபுடிச்சிடுவாங்க."

எவ்வளவு பெரிய மனுஷி பார்த்தீர்களா! எனக்கு இந்தப் பொறுமைமேலும் பொறாமை வந்தது. கூடவே, நாளைக்கு இந்தத் திட்டம் கவிழப்போகிறது என்று ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. அதை மறைக்கப் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் மல்லிகா பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் பெரியார் அருவிக்கு அழைத்துப்போனாள். சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான், வயதானவர்களும் போகலாம். ஏழு மணிக்கெல்லாம் போனால் கூட்டம் இருக்காது. பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். மேகம் அருவிக்கு நிறைய நடக்க வேண்டும், உள்ளூர்க்காரர் துணையில்லாமல் போகாதீர்கள். நான் போகவில்லை. எனக்கு ஒன்பதரைக்குள் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அந்தக் காலை வண்டியில்தான் நானும் கீழே இறங்குவதாகத் திட்டம்.

பத்து மணி சுமாருக்குப் பாறைமேல் நின்ற சத்யா கையை ஆட்டினாள். ஒலிபெருக்கி அலறியது. ஐயோ, அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்! மலை முழுக்கப் பேருந்தாகிவிட்டது. கொல்லையிலிருந்து ஆட்கள் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். ஒருவர் சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். அஞ்சலை வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, மாமியார் பின்னால் பையோடு. சாலையில் வண்டி இல்லை.

"வண்டி இப்பத்தான் வெள்ளிமலைல கெளம்பிகீது. இன்னும் அரை மணி ஆவும். நெழல்ல குந்துங்க," என்று சத்யா ஓடிவந்து விளக்கினாள்.

"அடிப்பாவிங்களா, உசுரு போயி உசுரு வந்துது," என்று திட்டிக்கொண்டே எல்லோரும் சாலைக்குக் கீழே, ஒரு மேட்டுக்குப் பின்னால் இருந்த பலாமரத்து நிழலில் போய் உட்கார்ந்தோம். மரம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சாலையில் வருகிற வண்டியின் கூரை மட்டும்தான் தெரியும், அதுவும் எழுந்து நின்றால். சத்யாவும் மல்லிகாவும்கூட வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் மறுபடி ஹாரன். பாதிப் பேர் எழுந்தார்கள். நினைவுபடுத்துவதற்காகப் பூபதி இன்னொரு தடவை போட்டிருந்தான். ஒரே சிரிப்பு. மூன்றாவது தடவை ஹாரன் அடித்தபோது ஒருவரும் அசையவில்லை. "பூபதிக்கு வேற வேல இல்ல," என்றார் சட்டைக்காரர். அஞ்சலைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஹாரன் விட்டு விட்டு அடித்தது, நாங்களும் விட்டு விட்டுச் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். இது கவிழும் என்று எனக்கு முந்தின நாளே தெரியுமே, அந்தக் குஷி.

எஞ்சின் சத்தம் வளைவில் தேய்ந்தபோதுதான் யாரோ மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். பேருந்தின் பின்பக்கம் தெரிந்தது.

எது எது என்று தெரியாமல் போகும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்த மேதாவி நானும் பலாமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவளின் தோல்வியை ரசிப்பதில் என் வண்டியை நானே விட்டேன்.

அஞ்சலையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாக அழுகையாக மாறியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்குக் குஷி இல்லை. பூபதி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வந்து ஒரு மூலையில் நின்றான். சத்யாதான் அழாமல், யாரையும் திட்டாமல் பாறைக்கு ஓடினாள். கரியாலூர் டீக்கடைக்குப் போன் போட்டாள். அவள் கத்தியது கீழே எங்களுக்கே கேட்டது: "அண்ணா, வண்டிய புடிச்சி வைங்க! மாசமா கீறவங்க வர்றாங்க! டிரைவருக்கு இன்னொரு டீ குடுங்க, காசு நான் தர்றேன்!"

அதற்குள் இன்னொருவன் மரவள்ளி ஏற்றிக்கொண்டிருந்த குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டான். அஞ்சலையை முன்னால் ஏற்றினார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் மரவள்ளிக் கிழங்கின்மேல். மல்லிகாவும் சத்யாவும் கூட ஏறினார்கள்.

இரண்டு வளைவு தாண்டியதும் மல்லிகா மெதுவாகக் கேட்டாள். குழு நடத்துகிற நாங்கள் எல்லோரும் பயிற்சி முடிவில் கேட்கிற கேள்விதான். "சத்யா, இதுல இருந்து இன்னா தெரிஞ்சிக்கினீங்க?"

சத்யா திரும்பினாள். "டீச்சர், உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கிழங்கைப் பார்த்தேன்.

"தெரியும்," என்றாள்.

"அஞ்சல அக்காவுக்கு இன்னிக்கி ஸ்கேனுன்னும் தெரியும்."

"தெரியும்மா. நீங்களே கண்டுபுடிக்கணும்னுதான்..."

"நாங்க கத்துக்கறதுக்கு அவங்க வவுத்துல கீற புள்ளையா டீச்சர் கெடச்சுது?" சத்யாவின் குரல் உடைந்தது. "நீங்க டீச்சரா எதுவும் சொல்ல வேணாம். ஆனா நீங்களும் இந்த ஊர்லதான கீறீங்க? எங்க ரேஷன் கடைல நிக்கறீங்க, எங்க வண்டிலதான போறீங்க? ஊர்க்காரங்களா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தெரிஞ்சிக்கினே மொச்சக்கா உரிச்சிக்கினு குந்தினு இருந்தீங்களே!"

 மல்லிகாவின் கண்கள் கலங்கிவிட்டன. "தப்புதான் சத்யா," என்றாள். 

நானும் தெரிந்துதான் சும்மா இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்யா கையைக் காட்டி நிறுத்தினாள். "உங்கள ஒண்ணும் சொல்லல மேடம். நீங்க விருந்தாளி."

 அடுத்த வளைவில் சத்யாவே மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "இனிமே கூட்டத்துல உங்களுக்கும் ஒரு ஓட்டு டீச்சர். ஒண்ணுதான். எங்கள மாரியே கைய தூக்கிப் பேசணும்."

கரியாலூரில் பேருந்து நின்றிருந்தது. ஓட்டுநர் கையில் இரண்டாவது டீ. எங்களைப் பார்த்ததும் பொரிந்தார். "அத்தினி வாட்டி ஹாரன் அடிச்சேன்! ஒருத்தர் தலயும் தெரியல. மரத்துக்குப் பின்னாடி இருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வருது. இன்னா, என்ன பாத்தா எப்டி தெரியுது உங்களுக்கு?" என்றார். பூபதியின் கதையைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சலைக்கு முதல் வரிசையில் இடம் ஒழித்துக் கொடுத்தார். ஒன்றே காலுக்குக் கள்ளக்குறிச்சி. ஸ்கேன் ஆயிற்று, தாயும் பிள்ளையும் நலம்.

நான் உளுந்தூர்பேட்டை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். நான் எதிர்பார்த்தபடியே மல்லிகா சறுக்கிவிட்டாள். அவள் பிள்ளைகள் எதிரிலேயே, என் கண்ணெதிரிலேயே. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் போகும்போது இருந்ததைவிட வயிறு அதிகமாக எரிந்தது. இத்தனை வருஷத்தில் என் பிள்ளைகளில் ஒருவர்கூட என்மேல் கோபப்பட்டதில்லை. கோபப்படும் அளவுக்கு அந்த வேலையை அவர்கள் தங்களுடையது என்று நினைத்ததில்லை. அந்தத் திட்டம் சத்யாவுடையது, அதனால்தான் அவளுக்கு அப்படி வலித்தது. மல்லிகா அவளுக்கு வேண்டியவள், அதனால்தான் அப்படித் திட்டினாள். நான் விருந்தாளி. என்னைத் திட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கச்சிராயபாளையத்தை ஒரு மணிக்குள் அடைந்துவிடுங்கள். மலை வண்டியின் நேரத்தை நம்பி மற்ற வண்டிகளுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். ஸ்வெட்டர் வேண்டும். கையில் சில்லறை வேண்டும். கொண்டுபோகும் பாட்டிலையும் பையையும் திரும்பக் கீழே எடுத்து வாருங்கள். சாலையோரம் பலாமரத்தடியில் யாராவது உட்கார்ந்திருந்தால் நீங்களாவது எழுந்து நின்று சாலையைப் பாருங்கள். வெள்ளிமலைச் சாலையில் எங்கேயோ மலையே அதிர்கிற மாதிரி மூன்று தடவை குக்கர் விசில் கேட்டால் பயப்படாதீர்கள். வண்டி மேலே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அடுத்த கூட்டத்தில் பிள்ளைகள் முடிவு செய்த புதுச் சத்தம் அதுதான். குக்கர் விசிலுக்கு யாரும் பதறி ஓடமாட்டார்கள், ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிடும் என்று எல்லோருக்கும் புரியும். அதன்பிறகு ஹாரன் கேட்டால் ஓடுங்கள், அது நிஜ வண்டி.

திரும்பி வந்த வாரம் என் குழுவிடம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பேருந்து நிலையத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் சிமெண்டுத் தரையில் மரக்கன்று நடலாமா என்று கேட்டேன். யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார்களா என்று எட்டு முகங்களையும் பார்த்தேன். "சரிங்க மேடம்," என்றார்கள். ஒரு பையன் பேனரில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டான்.

அன்று மாலை மல்லிகாவுக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை. ராத்திரி அவளிடமிருந்து செய்தி வந்தது, பாறைமேல் ஏறி அனுப்பியிருப்பாள்.

"கூட்டத்துல இருந்தேன்டி. சத்தம் இன்னா வைக்கலாம்னு ஓட்டு. நான் பள்ளிக்கூட மணிக்குப் போட்டேன். தோத்துட்டேன்!"

பின்னால் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.